கொடுவா மீனுக்குச் சிவப்பு ஒயின்

கூலிமில் இருக்கும் என் மகனுக்கு, குசினி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து அம்மா எழுதுவது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பையன் சுகமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான்? உன் கடிதம் வந்தது, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெண் வீட்டார் வேதக்காரர்கள், விருந்தில் ஒயின் வைப்பது அவர்கள் வழக்கம், நீ கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் வேறு வருகிறார்கள், ஆகையால் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று “அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்” என்கிறாய். அப்பாவிடம் கேட்கணுமாம்! துரை பங்களாவில் அவர் சட்டி பிடித்த காலமெல்லாம் பாட்டில் பிடித்தவள் நான். அவர் ஒயினை மோந்து பார்த்தே காலத்தை ஓட்டியவர். விருந்து முடிந்தபின் பாட்டில் அடியில் தங்கியதை அண்ணாந்து வாயில் ஊற்றி ருசி பார்த்தவள் உன் அம்மா. இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு மேலே படி.

கேட்டதற்கு அப்பா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். “மீனுக்குச் சிவப்பு வைக்காதேன்னு எழுது.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். நீ சாரோங் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. ஒயினைப் பற்றி நான் வாயைத் திறந்தால் அதையும் சொல்லாமல் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகப் போகிறது.

முதலில் உன் மாமனார் இலவசமாகக் கொண்டுவரும் அந்தப் பெட்டி. எதற்கு இலவசம்? யாரிடமிருந்து வந்தது? வெயிலில் கிடந்ததா, நிழலில் கிடந்ததா? நல்ல மனுஷர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பாட்டிலைத் திறந்ததும் கார்க்கை மோந்து பார். ஈரச் சாக்கு வாடை அடித்தால் அந்தப் பாட்டிலை ஓரமாக வை. காடி வாடை அடித்தால் ஊறுகாய்க்கு வைத்துக்கொள். நம் ஊர்ச் சூட்டில் ஒயின் மனுஷனைப்போலத்தான், வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே புளித்துப் போயிருக்கும். நான் சந்தேகக்காரி என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் குடும்பம் நடத்தியவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறாய்? அப்போது பக்கத்து வீட்டில் இருமினால்கூட அது நிஜ இருமலா, யாருக்காவது சாடையா என்று யோசிப்போம்.

இனி நீ கேட்டது. ஒயின் என்பது மாப்பிள்ளைத் தோழன். அவன் மாப்பிள்ளையைவிடப் பளபளப்பாக வந்தால் கல்யாணம் கெட்டது. பக்கத்தில் நிற்க வேண்டும், மாலை சரிந்தால் சரி பண்ண வேண்டும், போட்டோவில் பாதி முகம் தெரிந்தால் போதும். ஆவியில் வெந்த மீனுக்கும், இறாலுக்கும், தெளிந்த சூப்புக்கும் வெள்ளை ஒயின், புளிப்பு கொஞ்சம் தூக்கலாக, நன்றாகக் குளிர்ந்து. எங்கள் காலத்தில் கூடையில் கட்டிக் கிணற்றில் இறக்குவோம், உனக்குத்தான் ஐஸ் பெட்டி இருக்கிறதே. சாப்பாடு புளிப்பாக இருந்தால் ஒயின் அதைவிட ஒரு சுற்றுப் புளிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர்மாதிரி ஆகிவிடும். இனிப்புக்கு அதைவிட இனிப்பான கறுப்பு ஒயின். ஆட்டிறைச்சிப் பெரட்டலுக்குச் சிவப்புத்தான், ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்புச் சிவப்பு வேண்டாம். மிளகாய்க்கும் துவர்ப்புக்கும் பிறவிப் பகை. இரண்டும் வாய்க்குள் சந்தித்தால் தீப்பிடிக்கும். பெரட்டலில் மிளகாயைக் குறைக்கச் சொல்லு, இல்லை கொஞ்சம் தித்திப்பு உள்ள ஒயினாக எடு. ரசம் ஊற்றும்போது எல்லா ஒயினையும் எடுத்து உள்ளே வைத்துவிடு, ரசத்துக்குத் தோழன் கிடையாது.

இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பழைய துரை இருந்தபோது அப்பாதான் பங்களா சமையல்காரர். கல்யாணமாகி நானும் குசினிக்குள் வந்தேன். அப்பாவுக்குப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் வெள்ளைக்காரன் எழுத்து படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. சரிந்த தோள் பாட்டில், நிமிர்ந்த தோள் பாட்டில், பச்சை, மஞ்சள் என்று அடையாளம் வைத்திருந்தோம். துரைசாணி கையைக் காட்டுவாள், இவர் எடுப்பார். ஒருநாள் விருந்துக்கு வந்த இன்னொரு தோட்டத்துத் துரை, மீன் சாப்பிட்டுக்கொண்டே அடம்பிடித்துச் சிவப்பு கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் முகம் போன போக்கைக் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு நானும் மிச்ச மீனையும் பாட்டில் அடியையும் சேர்த்துப் பார்த்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற உளியை நக்கின மாதிரி இருந்தது, தம்பி. துரு. நல்ல மீன், நல்ல ஒயின், இரண்டும் சேர்ந்தால் துரு. அதை நாக்கில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிவிட்டார், ஒயின் அறையைப் பூட்டிச் சாவியை அப்பாவிடமே கொடுத்துவிட்டு. பங்களாவில் ஓர் அதிகாரி குடி வந்தான். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பான், நாங்கள் அவனைக் கண்ணாடிக்காரன் என்றே சொல்வோம். உலகத்தில் சந்தேகம் என்று ஒரு படிப்பு இருந்தால் அவன் அதில் வாத்தியார், நான் வெறும் பாலர் வகுப்பு. சோற்றை மோந்து பார்ப்பான். முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். எங்கோ ஒரு தோட்டத்தில் சமையல்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று அவன் காதில் யாரோ ஓதியிருந்தார்கள். ஆனாலும் அப்பாவை வைத்துக்கொண்டான். அதுதான் எங்களுக்கு மூச்சு. ஏனென்றால் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாகச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்க்கொண்டிருந்த நேரம் அது. போனவர்களில் திரும்பி வந்தவரை அதுவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. குசினி வேலை இருக்கிறவரைக்கும் உனக்கு அப்பா உண்டு. அவ்வளவுதான் கணக்கு.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, சின்னக் கிராணி குசினி வாசலில் வந்து நின்றார். ஜப்பான் பாஷை வகுப்புக்கெல்லாம் ஒழுங்காகப் போய் வந்தவர் என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர். என்னைத் தங்கச்சி என்பார், அப்பாவை மச்சான் என்பார். நான் அவரைக் கிராணி ஐயா என்பேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஜப்பான் பாஷை படிக்கிற ஆளை நம்பச் சொல்கிறாயா? போதாததற்கு அவர் மனைவியின் தம்பி ஒருவன் வேலை இல்லாமல் இருந்தான், அவனுக்குச் சமைக்கத் தெரியும்.

“தங்கச்சி, மச்சான் எங்க? இன்னைக்கு மத்தியானம் பெரிய அதிகாரி சாப்பிட வராரு. சயாமுக்குப் போற வழி. போற வழியில மனசுக்குப் பிடிச்ச ஆளுங்கள எல்லாம் அள்ளிக்கிட்டுப் போறாரு. அந்தப் பக்கத்துத் தோட்டத்துல முடி வெட்டுறவரு நல்லா சவரம் பண்ணுனாராம், சவரக் கத்தியோட ஏத்திட்டாரு.”

“அதுக்கு?” என்றேன்.

“சமையல் கெட்டா கண்ணாடிக்காரன் வேலைய விட்டு அனுப்பிருவான். ரொம்ப நல்லா இருந்தா பெரியவரு கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. நடுவுல போகச் சொல்லு. நானும் இன்னைக்கு சுவத்தோட சுவரா நிக்கப் போறேன். கேட்டா மலாய்ல ரெண்டு வார்த்தை. எனக்கு அவங்க பாஷை நல்லா வரும்னு பெரியவருக்குத் தெரியக் கூடாது லா.”

“ஏன் தெரியக் கூடாது? படிச்சதே அவங்க கிட்டப் பேசத்தானே, கிராணி ஐயா?”

அவர் சிரித்தார். “உன் வாய்க்கு உளியே தேவையில்ல தங்கச்சி, மரம் தானா பால் விடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அப்பாவிடம் சொன்னேன். “இந்த ஆளு சொல்றதுல ஏதோ இருக்கு. நீங்க சமையலக் கெடுக்கணும், கண்ணாடிக்காரன் உங்களத் துரத்தணும், இவரு பெண்டாட்டி தம்பி இந்தச் சட்டியப் பிடிக்கணும். கணக்கு சரியா வருதா?”

“எல்லாத்துக்கும் உனக்கு ஒரு கணக்கு வந்துரும்டி” என்றார் அப்பா. அவருக்கு அன்று வேறு கவலை. மெர்போக் ஆற்றில் பிடித்த கொடுவா ஒன்று வந்திருந்தது, கண் இன்னும் தெளிவாக இருந்தது. இஞ்சி வைத்து ஆவியில் வேக வைக்கப் போகிறார். அதற்கு முன்னே கோழிச் சூப்பு, அதற்குப் பின்னே வாத்து வறுவல், கடைசியில் மரவள்ளிக்கிழங்கைத் துருவி மலாக்கா வெல்லம் போட்டு ஓர் இனிப்பு. ஊரே கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தபோது அவர் அதைத் துரை வீட்டுப் பலகாரம் ஆக்கப் பார்த்தார். சூப்புக்கும் மீனுக்கும் மஞ்சள் பாட்டில் வெள்ளை, வாத்துக்கு நிமிர்ந்த தோள் சிவப்பு, கிழங்குக்குக் கறுப்பு என்று வரிசை கட்டிவிட்டார்.

“நடுவுல போகச் சொன்னாரே, காதுல விழுந்துச்சா?” என்றேன்.

“நடுவுன்னா என்னடி? உப்ப அரையும் குறையுமா போடவா? இந்த மீன் என்ன பாவம் பண்ணுச்சு? ஒயின் சத்தம் போடாம பக்கத்துல உட்காரும். சாப்பிட்டு எழுந்திரிச்சா வயிறு நல்லா இருந்துச்சுன்னு நினைப்பானே தவிர, எவன் சமைச்சான்னு நினைக்க மாட்டான். நல்ல சாப்பாட்டுக்கு அதுதான் அழகு. எவனும் நம்மளத் தேட மாட்டான்.”

அந்தப் பேச்சில் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மஞ்சள் பாட்டில்களைக் கூடையில் வைத்துக் கிணற்றில் இறக்கினேன். நீ குசினி மூலையில் தொட்டிலில் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தாய்.

பெரிய அதிகாரி வந்தார். தலை நரைத்த ஆள், பேச்சு மெதுவாக. கண்ணாடிக்காரன் அவர் பக்கத்தில் ஓணான்போல் விறைத்து உட்கார்ந்தான். கிராணி சொன்னபடியே சுவரோரம் நின்றார். நான் குசினிக் கதவிடுக்கில். அப்பா சூப்பு வைத்தார், வெள்ளை ஒயினைக் கிளாஸில் ஊற்றினார். பெரியவர் கையை நீட்டுமுன்பே கண்ணாடிக்காரன் அப்பாவைப் பார்த்து விரலை ஆட்டினான். “லூ மினும்!” என்றான், மலாயில். நீ குடி.

இப்போது நம் ஆள் என்ன செய்வார், சொல்லு. அடுத்தவர் குடிக்கப் போகிற கிளாஸ். அதில் வாய் வைப்பாரா? வாழ்க்கையில் ஒரு துரை கிளாஸில் அவர் உதடு பட்டதில்லை. சமைக்கிற சட்டியில்கூட ருசி பார்க்க மாட்டார், உப்பை ஆவியிலேயே மோந்து சொல்லுவார். விருந்தாளிக்கு முன்னே சமையல்காரன் வாய் வைத்தால் அது எச்சில், எச்சில் வைப்பதைவிட விஷம் வைக்கலாம். ஆகவே அவர் முகத்தை அண்ணாந்து, கிளாஸின் காம்பைப் பிடித்து உயரத் தூக்கி, மடக்கு மடக்காகத் தொண்டையில் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊரில் இருந்து வந்த பித்தளைச் சொம்பாக இருந்தாலும் துரை வீட்டுக் கண்ணாடிக் கிளாஸாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கண்ணாடிக்காரன் மேசையில் ஓங்கி அறைந்தான். “பாகேரோ! ராச்சுன்!” அவன் வாயில் அடிக்கடி வரும் வசவு முதல் சொல், விஷம் என்பது இரண்டாவது. பிறகு வேகமாக என்னமோ கத்தினான்.

“மச்சான்,” என்றார் கிராணி, சுவரை விட்டு அசையாமல், “ஏன் உதடு படலன்னு கேக்குறாரு. விளிம்புல விஷம் தடவியிருக்கியான்னு.”

“ஐயோ, அவரு குடிக்கிற கிளாஸ்ங்க அது! என் வாய் பட்டா எச்சி ஆயிராதா?”

கிராணி மலாயில் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். கண்ணாடிக்காரன் காதில் ஏறவில்லை. தன் உதட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். வாய் வைத்துக் குடி! அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தார், பாதிக் கிளாஸ். அத்தோடு சும்மா நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நம் ஆளின் கை சும்மா இருக்குமா? எச்சிலான கிளாஸைப் பெரியவர் முன்னால் எப்படி வைப்பது? நேரே ஓர மேசைக்குப் போனார். மிச்ச ஒயினைக் கை கழுவுகிற பேசினில் கொட்டினார். துணியை எடுத்துக் கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்காரன் பார்வைக்கு அது எப்படித் தெரிந்திருக்கும், யோசித்துப் பார். குடிக்கப் பயந்தான், கட்டாயப்படுத்தினால் கொஞ்சம் குடித்தான், மிச்சத்தைக் கொட்டிவிட்டு அடையாளத்தைத் துடைக்கிறான். அவன் எழுந்து வாளை உருவிவிட்டான். அந்தச் சத்தம் இருக்கிறதே தம்பி, அது அரிவாள் சத்தம்போல் இல்லை, மெதுவாகத்தான் வரும். அப்பா துணியும் கையுமாக நின்றார்.

அப்போதுதான் கிராணி சுவரை விட்டு வந்தார். அப்பாவுக்கும் வாளுக்கும் நடுவில் வந்து நின்று, இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, ஜப்பான் பாஷையில் பேச ஆரம்பித்தார். இரண்டு வார்த்தை இல்லை. வாய்க்கால் தண்ணீர்போல் பேசினார். அண்ணாந்து குடிப்பதுபோல் காட்டினார், உதட்டைத் தொட்டுக் காட்டினார், அப்பாவைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார். பெரியவர் கையைத் தூக்கினார், வாள் கீழே இறங்கியது. பெரியவர் கிராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டார், கிராணி பதில் சொன்னார், இன்னொன்று கேட்டார், அதற்கும் சொன்னார். கடைசியில் பெரியவர் சிரித்துவிட்டார். வேறு ஒரு கிளாஸில் தானே ஒயின் ஊற்றி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அதே கிளாஸை அப்பாவிடம் நீட்டினார்.

“மச்சான், வாங்குங்க, ரெண்டு கையால,” என்றார் கிராணி தமிழில். “வாய் வச்சுக் குடிச்சுட்டு அதே கிளாஸ அவருகிட்டத் திருப்பிக் கொடுங்க. கொன்னாலும் கழுவாதீங்க. இவங்களுக்கு ஒரே கிளாஸ்ல குடிக்கிறதுதான் மரியாதை.”

“எச்சியயா?”

“எச்சியத்தான்.”

அப்பா குடித்தார். தன் எச்சிலை ஒரு விருந்தாளியிடம் நீட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாளுக்குத் திருப்பாத முகம். பெரியவர் வாங்கிக் குடித்தார், சூப்பை ஒரு கரண்டி எடுத்தார், தலையை ஆட்டினார். எழுந்து அப்பாவின் தோளைத் தட்டினார்.

அந்தத் தட்டுதான் எனக்குச் சுருக்கென்றது. கிராணி காலையில் சொன்னது பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டு, பாசாரில் ஆடு வாங்குகிறவன் ஆட்டின் முதுகைத் தட்டுகிற தட்டு. எனக்கு அது தெரியும். இந்த ஆள் இவரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறான். அடுத்துப் போவது கொடுவா, அது வாயில் பட்டால் முடிந்தது கதை. அப்பா மீனை எடுக்க உள்ளே வந்தார். நான் கிணற்றில் குளிர்ந்த வெள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே துவர்ப்பான சிவப்பைத் திறந்து தட்டில் வைத்தேன். இஞ்சிக்கு மேலே பச்சை மிளகாயையும் அரிந்து தூவினேன்.

அப்பா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதுதான் அந்தப் பார்வை.

“என்னடி இது?”

“கொண்டு போங்க.”

“மீன் செத்துரும்டி.”

“மீன் ஏற்கனவே செத்துதாங்க கிடக்கு. நீங்க உசிரோட இருங்க.”

கொண்டு போனார். அதற்காக இன்றுவரை அவரைக் கும்பிடுகிறேன், வெளியே சொல்லாதே. பெரியவர் மீனைத் தின்றார், சிவப்பைக் குடித்தார், மறுபடி மீனைத் தின்றார். உளியை நக்கின முகம்! இருமல் வேறு. தட்டைத் தள்ளி வைத்தார். கண்ணாடிக்காரனுக்கு அவமானம், எழுந்து அப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். மூக்கில் ரத்தம் வந்தது. எனக்குக் கதவுக்குப் பின்னால் சிரிப்பு வந்தது, சத்தியமாக. ஓர் அறையோடு போகட்டும், சாமி, ஓர் அறையோடு போகட்டும் என்று வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். அதன்பின் பெரியவர் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. வாத்தைக் கொறித்தார், கிழங்கைத் தொடவில்லை. ஆனால் கிராணியை அருகில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். கிராணி நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அதைக் கவனித்தேனா? கவனித்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்காதே. சரி, சொல்லித்தான் ஆக வேண்டும். “பார், நல்ல பேர் வாங்குறார், இனிமேல் பெரிய கிராணிதான்” என்று நினைத்தேன்.

கார் கிளம்பியபோது பின்னால் வந்த லாரியில் கிராணி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவரக்கூட விடவில்லை. குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அடுப்புக் கரியோடு வாசலில் நின்றேன். “மச்சான் மூக்குல துணிய நனைச்சு வை தங்கச்சி” என்றார். லாரி ரப்பர் நிரைக்குள் போய்விட்டது.

அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. காலையில் சொன்னது அத்தனையும் நிஜம். பிடித்த ஆளை ஏற்றிக்கொள்வான் என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். தன் பாஷை வெளியே தெரியக் கூடாது என்றவரும் அவர்தான். தெரிந்துகொண்டே சுவரை விட்டு வந்தார். நான் என் புருஷனை மறைக்க ஒரு மீனைக் கெடுத்தேன். தன்னை மறைத்துக்கொள்ள அவர் கையில் கெடுக்க என்ன இருந்தது? ரயில் பாதைக்குப் போனவர்களில் சிலர் சண்டை முடிந்தபின் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அப்பா போய்க் கேட்டார். ஒருவர்தான் பார்த்ததாகச் சொன்னார், காய்ச்சலில் கிடந்தார் என்று. கிராணி திரும்பி வரவே இல்லை. குசினி வேலை கேட்டு அந்த மனைவியின் தம்பி வரவே இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்படி ஒரு நினைப்பே அவர்களுக்கு இருந்ததில்லை. அது என் தலைக்குள் மட்டும் இருந்த கணக்கு.

கிராணியின் மனைவி இப்போது திகாம் பத்துவில் தையல் தைத்துக்கொண்டு இருக்கிறார். நீ அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய், காப்பிக்கடைக்குப் பக்கத்தில் நீலக் கதவு. சண்டை முடிந்தபின் ஒருநாள் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன், என் சந்தேகத்தையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “அன்னைக்கு மத்தியானம் அவரு சாப்பிட்டாரா?”

சாப்பிடவில்லை, தம்பி. சுவரோரம் நின்றார், பிறகு மேசையோரம் நின்றார். உள்ளே குசினியில் வாத்து மிச்சம் இருந்தது, கிழங்கு அப்படியே இருந்தது. ஒரு தட்டு போட்டுக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. நம் குசினியிலிருந்து பசியோடு போனவர் அவர் ஒருவர்தான்.

ஆகையால் ஒயினைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் நீ மறந்தாலும் பரவாயில்லை. மீனுக்குச் சிவப்பு வைக்காதே, அப்பா எழுந்து போய்விடுவார். அவருக்குத் தனியாக ஒரு கிளாஸ் வை, அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார், உன் துரைசாணி சிரித்தால் சிரிக்கட்டும். மாமனார் பெட்டியை நான் வந்து கார்க் கார்க்காக மோந்து பார்த்துக்கொள்கிறேன். நீயும் கிராணியாகிவிட்டாய், நாலு பாஷை பேசுகிறாய், துரைமார் முன்னால் எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். எனக்கே அது இன்னும் தெரியவில்லை.

கிராணி ஐயா மனைவிக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பாதே. திகாம் பத்துவில் இறங்கி நீயே போய் வைத்துவிட்டு வா. அவர் ஒயின் தொட மாட்டார், இனிப்புச் சிராப் தண்ணீர் கலக்கச் சொல்லு. பந்தி தொடங்கும்போது உன் துரை எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும், முதல் தட்டு அந்த அம்மாவுக்கு. மீனில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து நீயே பரிமாறு. அத்தை என்று கூப்பிட்டுப் பரிமாறு. நான் எப்போது உனக்கு அத்தையானேன் என்று கேட்பார். உங்கள் வீட்டுக்காரர் எங்கள் அம்மாவுக்கு அண்ணன் என்று சொல்லு.